சம்பளத்துக்கும் ஒரு அஞ்சறைப்பெட்டி!

முதல் தேதி மைசூர்பாகு. பத்தாம் தேதி வத்தக்குழம்பு. இருபதாம் தேதி வெறும் மோரும் ஊறுகாயும்!

அநேக நடுத்தரக் குடும்பங்களில் மாதம் இப்படித்தான் ஓடுகிறது. சம்பளம் வந்த அன்றைக்கு வீடே கலகலப்பாக இருக்கும். இருபதாம் தேதி தாண்டிவிட்டால் பேச்சின் சுருதியே மாறிவிடும்.

"ஏங்க, ஸ்கூல் ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாள்..."

"இப்பத்தானே கட்டினேன்? அதுக்குள்ள என்ன?"

"அது போன டெர்முக்கு. சரி, எங்கதான் போகுது இந்தப் பணமெல்லாம்?"

"என்னைக் கேட்டா? வீட்டுச் செலவைப் பார்க்கறது நீதானே?"

அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கம் போச்சு. மறுநாள் காலையில் ஒருத்தருக்குத் தலைவலி, இன்னொருத்தருக்கு வயிற்றெரிச்சல்.

'ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுகிற பத்திரிகையில் வரவு செலவுக் கணக்கு எதற்கு?' என்று யோசிக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பணக் கவலை பர்ஸோடு நிற்பதில்லை, உடம்புக்குள்ளேயும் இறங்குகிறது. கவலை நீண்டால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் பி.பி.யும் சுகரும் சொன்ன பேச்சைக் கேட்காது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் பணம் தட்டினால் முதலில் வெட்டு விழுவது எதில் தெரியுமா? சினிமாவிலோ ஹோட்டலிலோ இல்லை. குடும்பத் தலைவியின் மாத்திரையில்! 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன், அடுத்த மாசம் வாங்கிக்கலாம்' என்று அவர் சத்தமில்லாமல் சீட்டை மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார். அடுத்த வெட்டு பழத்தில். அதற்கடுத்தது, டாக்டர் எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனையில்.

இதற்கெல்லாம் மருந்து, அதிக வருமானம் மட்டுமல்ல. வருகிற வருமானத்தை வந்த அன்றைக்கே பங்கு பிரித்து வைப்பதுதான். அதற்கு எம்.காம். படிக்க வேண்டாம். உங்கள் சமையலறையில் இருக்கும் அஞ்சறைப்பெட்டியே போதும்!

ரூபாயை விட்டுவிட்டுப் பங்கைப் பாருங்கள்

இட்லிக்கு எப்படி அரைக்கிறீர்கள்? நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. வீட்டில் நாலு பேர் என்றாலும் அதே கணக்கு, விசேஷத்துக்கு நாற்பது பேர் வந்தாலும் அதே கணக்கு. அளவு கூடும், குறையும். பங்கு மாறாது. அதனால்தான் இட்லி கெட்டுப்போவதில்லை.

வீட்டு பட்ஜெட்டையும் அப்படித்தான் போட வேண்டும். 'மாதம் 2,000 ரூபாய் சேமிக்கப் போகிறேன்' என்று ரூபாயில் முடிவு செய்தால், சம்பளம் கூடியபோதும் அந்த 2,000 அப்படியே நிற்கும். கூடுதலாக வந்தது எங்கே போனது என்றே தெரியாது. '100 ரூபாய் வந்தால் 20 ரூபாய் எடுத்து வைப்பேன்' என்று பங்கில் முடிவு செய்தால், சம்பளத்தோடு சேமிப்பும் தானாக வளரும். சம்பளம் குறைந்தாலும் மனசு உடையாது. தொகைதான் குறைந்தது, பழக்கம் அப்படியே இருக்கும்.

50 - 30 - 20

இந்தப் பங்குக் கணக்கில் உலகம் முழுக்கப் பிரபலமானது 50-30-20. அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவருடைய மகள் அமேலியா வாரன் தியாகியும் சேர்ந்து 2005-ல் எழுதிய ஒரு புத்தகம்தான் இதைப் பரப்பியது. வாரன், திவால் சட்டத்தில் பேராசிரியராக இருந்தவர். பிற்பாடு அமெரிக்க செனட்டர் ஆனார். சாதாரணக் குடும்பங்கள் எப்படிக் கடனில் மூழ்குகின்றன என்பதை ஆராய்ந்தவர்.

கணக்கு சுலபம். வரி போகக் கைக்கு வருவதில் பாதி அவசியச் செலவுக்கு. 30 சதவிகிதம் ஆசைக்கு. 20 சதவிகிதம் சேமிப்புக்கும் கடன் அடைப்புக்கும்.

நம்ம ஊருக்கு இது அப்படியே ஒத்துவருமா? வராது. நம் வீட்டில் மாமியாருக்கு பி.பி. மாத்திரை வாங்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்ட வேண்டும், வைகாசியும் ஆவணியும் வந்தால் மொய் எழுத வேண்டும்! அவசியச் செலவே பாதியைத் தாண்டிவிடுகிறது. ஆகவே நாம் ஆசையில் கொஞ்சம் கிள்ளி அவசியத்தில் போட்டுக்கொள்ளலாம். அவசியத்துக்கு 60, ஆசைக்கு 20. ஆனால், கடைசி 20-ல் மட்டும் கை வைக்கக் கூடாது.

அந்த 20-ஐயும் ஒரே டப்பாவில் போடாமல் மூன்றாகப் பிரித்துக்கொண்டால், ஆக மொத்தம் ஐந்து அறைகள்:

அவசியம் - 60 சதவிகிதம்
ஆசை - 20 சதவிகிதம்
அவசரம் - 8 சதவிகிதம்
ஆரோக்கியம் - 4 சதவிகிதம்
எதிர்காலம் - 8 சதவிகிதம்

அஞ்சறைப்பெட்டியில் கடுகு அறையில் மிளகு விழுந்தால் பொறுக்கி எடுத்துவிடுவீர்கள் இல்லையா? இங்கேயும் அதே கண்டிப்பு வேண்டும்.

ஒரு வீட்டுக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். சென்னைப் புறநகரில் வாடகை வீடு. கணவர், மனைவி, ஸ்கூலில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா. பி.எஃப்., வரி எல்லாம் போக இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 60,000 ரூபாய். அவர்களுடைய அவசியச் செலவு இப்படி:

வாடகை - 14,000
மளிகை - 6,500
பால் - 2,200
காய்கறி, பழம் - 3,300
ஸ்கூல் ஃபீஸ் (வருஷத்துக்கு 72,000; மாதக் கணக்கில்) - 6,000
கேஸ் - 900
கரண்ட் (இரண்டு மாத பில்லில் பாதி) - 1,000
மருந்து - 1,500
பெட்ரோல், பஸ் - 1,800
போன், நெட் - 800

கூட்டினால் 38,000. அதாவது, வருமானத்தில் 63 சதவிகிதம். நம் கணக்குப்படி 60 சதவிகிதம் என்றால் 36,000-தான் வரவேண்டும். 2,000 ரூபாய் உதைக்கிறது.

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். காய்கறியிலும் பாலிலும் கத்தியை வைக்கிறார்கள். அந்த வேலையே வேண்டாம்! இன்றைக்குப் பழத்தில் மிச்சம் பிடித்தால், அதை நாளைக்கு டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும்.

வேறு எங்கே வெட்டலாம்?

மருந்து: மாதாமாதம் வாங்கும் பி.பி., சுகர் மாத்திரைகளில் பலவும் கம்பெனிப் பெயர் இல்லாமல், மூலப்பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மக்கள் மருந்தகம் என்கிற ஜன் ஔஷதி கடைகளிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விசாரியுங்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள். 1,500 ரூபாய் மருந்து 900-க்கு வந்தால் மிச்சம் 600. மாத்திரையை நிறுத்தி மிச்சம் பிடிப்பது மட்டும் கூடவே கூடாது. பி.பி. ஏறுவது பல பேருக்கு வெளியே தெரியாது. தெரியும்போது அது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கலாம்.

மளிகை: லிஸ்ட் இல்லாமல் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போகாதீர்கள். பசியோடும் போகாதீர்கள்! பிஸ்கெட், சிப்ஸ், கலர் பானம் என்று கூடையில் தானாக ஏறுவதைக் குறைத்தாலே 600 ரூபாய் மிஞ்சும். பல்லுக்கும் நல்லது, தொப்பைக்கும் நல்லது.

கரண்ட்: தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால், உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டணக் கணக்கே வேறு மாதிரி ஆகி, பில் ஒரேயடியாக எகிறும். மீட்டரை மாதம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மாதம் 200 ரூபாய் குறைத்துவிடலாம்.

பெட்ரோல்: பக்கத்துக் கடைக்கும் பைக் எடுக்கிறீர்களா? நடங்கள். 400 ரூபாய் மிச்சம். டாக்டர் சொன்ன வாக்கிங்கும் ஆச்சு!

போன், நெட்: வீட்டில் நெட் இருக்கும்போது ஆளுக்கொரு பெரிய ரீசார்ஜ் எதற்கு? இதில் 200.

கூட்டிப் பாருங்கள். 600, 600, 200, 400, 200... சரியாக 2,000 ரூபாய். யார் தட்டிலிருந்தும் ஒரு கவளம் கூடக் குறைக்கவில்லை.

ஆசைக்கும் ஓர் அறை வேண்டும்

'மிச்சம் பிடிக்கணும்னா எல்லா ஆசையையும் விட்டுடணும்' என்பது தப்பு. அப்படிப் போட்ட பட்ஜெட் மூன்று மாதம் கூடத் தாங்காது. பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்தவர்கள் நாலாவது மாதம் விருந்தில் உட்கார்ந்தமாதிரி ஆகிவிடும். இந்தக் குடும்பத்துக்கு ஆசையின் பங்கு 12,000 ரூபாய். தாராளமாகச் செலவு செய்யட்டும். தீர்ந்துவிட்டால் அடுத்த முதல் தேதி வரை பொறுத்திருக்கட்டும். அவ்வளவுதான் சட்டம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் பட்ஜெட்டைக் கவிழ்ப்பது தினசரிச் செலவை விட, வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுதான். தீபாவளித் துணிமணி, பட்டாசு 18,000. மொய், சீர் வகையில் 15,000. குலதெய்வம் கோயிலுக்கும் சொந்த ஊருக்கும் போய்வர 12,000. மொத்தம் 45,000. இதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,750. அந்தத் தொகையை மாதாமாதம் ஒதுக்கி வைத்தால் தீபாவளி வரும்போது கடன்காரர் வரமாட்டார்! ஐப்பசியில் தீபாவளி வரும் என்று சித்திரையிலேயே காலண்டரில் போட்டிருக்கிறதே? பிறகு அதென்ன 'திடீர் செலவு'?

மிச்சம் 8,250. இதில் கணவனுக்கு 1,500, மனைவிக்கு 1,500 கைச்செலவு. இதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. ஆமாம், ஒருவரையொருவர் கேட்கவே கூடாது! அவர் டீக்கடையில் செலவழிப்பாரோ, இவர் வளையல் வாங்குவாரோ, அது அவரவர் இஷ்டம். சண்டைகளில் பாதி இதிலேயே அடங்கிவிடும். பாக்கி 5,250 ரூபாயில் ஹோட்டல், சினிமா, பிள்ளைகளின் ஆசை எல்லாம்.

அவசரம்: அடகுக் கடைக்குப் போகாமலிருக்க

ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள். அல்லது, வேலை பார்க்கும் கம்பெனியில் ஆட்குறைப்பு. இந்த இரண்டில் ஒன்று வராத குடும்பம் குறைவு. அப்போது பீரோவைத் திறந்து வளையலை எடுப்பதுதான் நம் வழக்கம்.

அவசர அறை நிரம்பியிருந்தால் வளையல் கையிலேயே இருக்கும். இந்தக் குடும்பத்தின் 8 சதவிகிதம் என்பது 4,800 ரூபாய். ஒரு மாத அவசியச் செலவான 36,000 ரூபாயை எட்ட எட்டே மாதம் போதும். மூன்று மாதச் செலவான 1,08,000 ரூபாயை எட்ட, இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே முடியும். போனஸ் வந்தால் பாதியை இதில் போடுங்கள், இன்னும் சீக்கிரம் நிரம்பும். முடிந்தவர்கள் ஆறு மாதச் செலவு வரை சேர்க்கலாம்.

இந்தப் பணத்துக்கு வட்டி முக்கியமில்லை. கேட்ட நிமிஷத்தில் கைக்கு வர வேண்டும், அதுதான் முக்கியம். சேமிப்புக் கணக்கிலும் பாங்க் டெபாசிட்டிலும் வையுங்கள். 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு பாங்கில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. நகைக்கடைச் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏலச்சீட்டு போடுவதானால், 1982-ம் வருஷத்து சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவான சீட்டுதானா என்று பார்த்துப் போடுங்கள். 'தெரிந்தவர்தான், தங்கமான மனுஷர்' என்பது பதிவு எண் ஆகாது!

ஆரோக்கியம்: மறந்துபோகும் அறை

நம் பத்திரிகைக்குப் பிடித்த அறை இதுதான். 4 சதவிகிதம் என்றால் 2,400 ரூபாய், வருஷத்துக்கு 28,800. இதில் முதல் செலவு குடும்பத்துக்கு மெடிக்ளெய்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியம். மிச்சத்தில் வருஷம் ஒருமுறை பெரியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை, கண், பல் செக்கப்.

'எங்க ஆபீஸ்லயே இன்ஷூரன்ஸ் இருக்கே?' சரி, வேலை போனால்? அதுவும் கூடவே போய்விடும். ரிட்டயர் ஆன பிறகு, உடம்பு அதிகம் படுத்தும் காலத்தில், புதிதாக எடுக்கப் போனால் பிரீமியம் மலைக்க வைக்கும். ஆகையால் வயசு இருக்கும்போதே தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது சுகரையும் பி.பி.யையும் மறைக்காதீர்கள். 'சொன்னா பிரீமியம் ஏத்திடுவாங்க' என்று மறைத்தால், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது க்ளெய்ம் மறுக்கப்படலாம். உள்ளதைச் சொல்லிவிட்டால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருக்கச் சொல்லும் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான். முன்பு 4 வருஷமாக இருந்ததை, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் குறைத்துவிட்டது. எவ்வளவு சீக்கிரம் பாலிசி எடுக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அந்த 3 வருஷம் கழிந்துவிடும்.

எதிர்காலம்: பொறுமைக்குக் கிடைக்கும் வட்டி

இங்கே 8 சதவிகிதம், அதாவது 4,800 ரூபாய். பிள்ளைகள் காலேஜ், உங்கள் முதுமை, இரண்டுக்கும். உங்களுக்குத் தெரிந்த, புரிந்த இடங்களில் ஆரம்பியுங்கள். தபால் ஆபீஸ் ஆர்.டி.யை மாதம் 100 ரூபாயில் கூடத் தொடங்கலாம், அது ஐந்து வருஷத் திட்டம். பி.பி.எஃப். 15 வருஷத் திட்டம். வருஷத்துக்கு 500 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை போடலாம். பத்து வயசுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் 2015-ல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போதும். 15 வருஷம் பணம் கட்ட வேண்டும், 21-வது வருஷம் முதிர்வடையும்.

எந்தக் கணக்கு தொடங்கினாலும் நாமினி பெயர் எழுதினீர்களா என்று பாருங்கள். கணக்குப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்பது மனைவிக்கும் தெரிய வேண்டும், கணவருக்கும் தெரிய வேண்டும். ஒருவர் திடீரென்று படுத்துவிட்டால் இன்னொருவர் பாங்க் பாங்காக அலையும் கொடுமை வேண்டாமே!

கடன் இருந்தால்?

மாதத் தவணைகள் அவசியத்தில் சேரும். வீட்டுக் கடன் தவணை, வாடகை இருந்த இடத்தில் உட்காரும். எல்லா இ.எம்.ஐ.யும் சேர்ந்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் உஷார்!

க்ரெடிட் கார்டு பாக்கி என்றால் கதையே வேறு. மாதம் 3 சதவிகித வட்டி என்றே வைத்துக்கொள்வோம். 50,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000 வட்டி. அதே 50,000-ஐ 7 சதவிகிதத்துக்கு டெபாசிட் போட்டால் வருஷத்துக்குக் கிடைப்பது 3,500! ஒரு பக்கம் 3,500 வாங்கிக்கொண்டு மறுபக்கம் 18,000 கொடுப்பது என்ன கணக்கு? ஆகவே கார்டு பாக்கி தீரும் வரை 'எதிர்காலம்' அறைப் பணத்தை அதற்குத் திருப்பிவிடுங்கள். அவசரமும் ஆரோக்கியமும் மட்டும் நிற்க வேண்டாம். நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுபடி அதே கார்டைத் தேய்ப்பீர்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

ரகசியம் ஒன்றே ஒன்றுதான். செலவு போக மிஞ்சுவதைச் சேமிப்பது நடக்காத காரியம். மிஞ்சாது! சம்பளம் வந்த மறுநாளே கடைசி மூன்று அறைகளுக்கான பணம் தானாகப் பிரிந்து போகும்படி பாங்கில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நம் பாட்டிமார் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் காசு போட்டு வைத்தார்களே, அதே தந்திரம்தான். கண்ணில் படாத காசு செலவாகாது.

அவசியம், ஆசை இரண்டுக்கும் ஆளுக்கொரு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். முன்பு நூறு ரூபாய் நோட்டை மாற்றவே மனசு வராது. இப்போது செல்போனில் ஸ்கேன் செய்தால் 20 ரூபாயும் 2,000 ரூபாயும் ஒரே மாதிரி போகிறது. அதனால், ஆசை அறையின் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தக் கணக்கை மட்டும் போனில் இணையுங்கள். தீர்ந்ததும் அதுவே 'போதும்' என்று சொல்லிவிடும்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

'எங்களுக்கு மாதம் 25,000-தான் வருகிறது. 20 சதவிகிதம் எப்படி முடியும்?'

முடியாவிட்டால் 80-10-10 என்று தொடங்குங்கள். அவசியம் 80, ஆசை 10, மிச்சம் 10. அந்த 10-ல் முதலில் ஆரோக்கியம், அடுத்து அவசரம். சம்பளம் கூடும்போதெல்லாம் கூடியதில் பாதியைச் சேமிப்புக்குக் கொடுங்கள். சதவிகிதம் தானாக ஏறும்.

'நாங்கள் கடை வைத்திருக்கிறோம். வருமானம் ஒரு மாதம் போல ஒரு மாதம் இல்லையே?'

போன 12 மாதக் கணக்கை எடுங்கள். எந்த மாதம் வருமானம் மிகக் குறைவோ, அதையே உங்கள் 'சம்பளம்' என்று வைத்து பட்ஜெட் போடுங்கள். அதிகம் வந்த மாதங்களின் உபரி, நேராக அவசர அறைக்கு. உங்களுக்கு அந்த அறை மற்றவர்களை விடப் பெரிதாக இருக்க வேண்டும்.

'பென்ஷன்காரர்களுக்கு?'

எதிர்காலத்தின் பங்கை ஆரோக்கியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் எதிர்காலமே ஆரோக்கியம்தான்!

'எது அவசியம், எது ஆசை என்பதிலேயே எங்களுக்குள் சண்டை!'

ஒரு சின்னச் சோதனை. 'இரண்டு மாதம் இது இல்லாமல் இருந்தால் யாருக்காவது உடம்போ, படிப்போ, வேலையோ கெடுமா?' என்று கேளுங்கள். கெடும் என்றால் அவசியம். முகம் மட்டும் வாடும் என்றால் ஆசை. இதன்படி பாட்டியின் மூக்குக்கண்ணாடி அவசியம், புது மாடல் செல்போன் ஆசை.

வீட்டுப் பாடம்

இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு எல்லோரும் உட்காருங்கள். பிள்ளைகளும் இருக்கட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

1. போன மாதம் கைக்கு வந்த மொத்தத் தொகையை எழுதுங்கள்.

2. போன மாதச் செலவுகளை ஞாபகப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவசியமா, ஆசையா என்று குறியுங்கள். யாரையும் குற்றம் சொல்லக் கூடாது.

3. வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளைத் தனியாக எழுதிப் பன்னிரண்டால் வகுங்கள்.

4. இப்போது எத்தனை சதவிகிதம் எதற்குப் போகிறது என்று கணக்குப் பாருங்கள். பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள். சதவிகிதக் கணக்கும் படித்த மாதிரி இருக்கும்.

5. அடுத்த முதல் தேதியிலிருந்து ஐந்து அறை. முதல் மாதம் சொதப்பும். இரண்டாவது மாதம் கொஞ்சம் இடிக்கும். மூன்றாவது மாதம் பழகிவிடும்.

கடைசியாக ஒரு வேலை. குடும்பத் தலைவி தனக்கென்று வாங்காமல் தள்ளிப்போட்ட மருந்துச்சீட்டு எங்கேயாவது மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் புதிய பட்ஜெட்டின் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்!

'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அளந்து போட்டுப் பாருங்கள். இருபதாம் தேதியும் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும்.